நனைந்த சாலை வேறு, தேங்கிய தண்ணீர் வேறு

ஏப்ரல் கடைசியில் பெங்களூரில் நாலரை மணி வரை வெயில் கொளுத்தும். ஐந்து மணிக்கு வானம் இருட்டும். ஐந்தரைக்குள் எம்.ஜி. ரோட்டிலிருந்து அல்சூர் வரைக்கும் சாலையோரம் வாய்க்கால் போல ஓடும். காலையில் காய்ந்த சாலையில் நானூறு, ஐந்நூறு குதிரைத்திறன் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், சாயங்காலம் அதே வண்டியை வேறு வண்டி மாதிரி ஓட்டிக்கொண்டுதான் வீடு திரும்ப முடியும். எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

"ஸ்போர்ட்ஸ் டயர் மழைக்கு ஆகாது" என்று அடிக்கடி காதில் விழும். அது பாதிதான் உண்மை. மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பிரெல்லி பி ஸீரோ மாதிரியான டயர்களின் ரப்பரில் சிலிகா கலந்திருக்கிறது. வெறுமனே நனைந்த தார்ச் சாலையில் அவை சாதாரண டயரைவிட நன்றாகவே பிடிக்கும். வெளிநாட்டில் இவற்றைக் கோடை டயர் என்று சொல்வதற்குக் காரணம் குளிர். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் ரப்பர் விறைத்துவிடும். பெங்களூர் மழையில் வெப்பநிலை இருபதை ஒட்டித்தான் இருக்கும், ஆகவே அந்தக் கவலை நமக்கு வேண்டாம்.

மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்ப்பது. சாலை நனைந்திருப்பது ஒன்று, சாலையில் தண்ணீர் நிற்பது வேறொன்று. நனைந்த சாலையில் வேலை செய்வது ரப்பர். நிற்கிற தண்ணீரில் வேலை செய்வது டயரில் வெட்டியிருக்கிற வாய்க்கால்கள், அகலம், வேகம் மூன்றும். முதலாவதில் இந்த டயர் கெட்டிக்காரன், இரண்டாவதில் நோஞ்சான். சிக்கல் என்னவென்றால் முதலாவது கொடுக்கிற தைரியத்தோடுதான் ஓட்டுநர் இரண்டாவதற்குள் நுழைகிறார். சின்ன ஹேட்ச்பேக்கின் ஒல்லி டயர் நனைந்த வளைவில் 60-லேயே முனக ஆரம்பித்து எச்சரித்துவிடும். அகல டயர் ஒன்றும் சொல்லாமல் பிடித்துக்கொண்டே வந்து, ஒரு தேக்கத்தில் ஒரேயடியாகக் கையை விட்டுவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாலையில் 3 மிமீ தண்ணீர் நிற்கிறது, வண்டி 80 கிமீ வேகத்தில் போகிறது, அதாவது நொடிக்கு 22 மீட்டர். 185 மிமீ அகல டயர் நொடிக்குச் சுமார் 12 லிட்டர் தண்ணீரை ஒதுக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரின் 305 மிமீ பின் டயர் 20 லிட்டர். வீட்டில் தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர். அப்படியானால் ஒவ்வொரு பின்சக்கரமும் நொடிக்கு ஒரு குடத்துக்கு மேல் இறைத்துக் கொட்ட வேண்டும். 100 கிமீ வேகத்தில் அது 25 லிட்டர் ஆகிறது. இறைக்க முடியாத தண்ணீர் டயருக்கு முன்னால் ஆப்பு மாதிரி சேர்ந்து, டயரைச் சாலையிலிருந்து தூக்கிவிடும். இதைத்தான் ஆக்வாபிளேனிங் என்கிறோம்.

அகலம் கூடினால் தரையைத் தொடுகிற பரப்பும் கூடும் என்று நினைப்பார்கள். எடையும் காற்றழுத்தமும் அப்படியே இருந்தால் பரப்பு ஏறக்குறைய அதேதான், வடிவம்தான் மாறுகிறது. ஒல்லி டயரின் தடம் நீளவாக்கில் இருக்கும், அகல டயரின் தடம் குறுக்குவாக்கில். குறுக்குத் தடத்தின் நடுவில் மாட்டிய தண்ணீர் ஓரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய தூரம் அதிகம், கிடைக்கிற நேரம் குறைவு. 992 தலைமுறை போர்ஷே 911 கரேரா எஸ்-ஸில் முன்னால் 245, பின்னால் 305. முன் டயர் தண்ணீரை விலக்கிவிட்ட பாதையில்தான் பின் டயரின் பெரும்பகுதி ஓடும் என்பது உண்மைதான். ஆனால் விலக்கப்படாத பகுதியும் பின் டயருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

வேகத்துக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 1960-களில் நாசா விமான டயர்களை வைத்துச் சோதித்துக் கண்டது. டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ-யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், டயர் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகம் கிமீ கணக்கில் கிடைக்கும். 36 பிஎஸ்ஐ-க்கு 100. 30-க்கு 91. 25-க்கு 83. வாய்க்கால்களுக்கு அடங்காத அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது பொருந்துகிற கணக்கு இது. நல்ல பட்டனும் (டயர் மேல்பரப்பின் ரப்பர் மேடுகள்) மெல்லிய நீர்ப்படலமும் இருந்தால் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும், தேய்ந்த அகல டயர் இதற்கு முன்பே மிதந்துவிடும். ஆனால் ஒரு விஷயம் இதில் பளிச்சென்று தெரிகிறது: காற்றைக் குறைத்தால் மிதக்கும் வேகமும் குறையும்.

ரேஸ் டிராக் போய் வந்தவர்கள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூரிலோ டயர் சூடேறி அழுத்தம் கூடும் என்று முன்கூட்டியே நாலைந்து பிஎஸ்ஐ இறக்கிவைப்பார்கள். திரும்பி வந்ததும் ஏற்ற மறந்து, அப்படியே மழையில் எடுப்பார்கள். அழுத்தம் குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, தண்ணீரை ஏந்துகிற தட்டு மாதிரி ஆகிவிடும். மழை டயரைக் குளிர்விக்கவும் செய்யும். 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கிற அட்டவணையில் உள்ள அழுத்தத்தை, காலையில் வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட இருந்தால் மழைக்கு நஷ்டமில்லை. காற்று அடிக்கிற கடையின் மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒரு மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

கப் 2, ட்ரோஃபியோ ஆர் போன்ற பாதி ரேஸ் டயர்களைப் பற்றி ஒரே வரி: மழை வரும் என்றால் வண்டியை எடுக்காதீர்கள். பைலட் ஸ்போர்ட் 4எஸ் புதிதில் ஏறக்குறைய 7.5 மிமீ வாய்க்கால் ஆழத்தோடு வருகிறது என்றால், கப் 2 புதிதிலேயே ஐந்தரையைச் சுற்றித்தான். போதாக்குறைக்கு அதன் வாய்க்கால்களும் குறைவு, ரப்பர் சூடேறாமல் பிடிக்காது, மழையோ சூடேற விடாது.

இனி டயரைப் பார்க்கும் முறை. சட்டம் சொல்கிற குறைந்தபட்ச வாய்க்கால் ஆழம் 1.6 மிமீ. வாய்க்காலுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் 1.6 வந்துவிட்டது என்று பொருள். அது மொட்டை டயருக்கு ஒரு படி முன்னால், அவ்வளவுதான். அகல டயருக்கு மழைக்கால எல்லை 3 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் டயர் 4 மிமீ-யைத் தொட்டதும் அடுத்த செட்டை விசாரிக்க ஆரம்பித்துவிடலாம், ஏனென்றால் 295, 305 அளவுகள் கேட்ட அன்றே கடையில் கிடைக்காது.

ஆழத்தை எங்கே அளப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குனிந்து வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்துவிடுவார்கள். இந்த வண்டிகளின் சக்கரங்கள் நெகட்டிவ் கேம்பரோடு, அதாவது மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். அதனால் முதலில் தேய்வது உள் ஓரம். அதோடு இந்த டயர்களின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. வெளிப்பக்கத்தில் வளைவைத் தாங்கப் பெரிய பெரிய கட்டிகள், உள்பக்கத்தில் தண்ணீரை வெளியேற்ற அகல வாய்க்கால்கள். தேய்கிற பக்கமும் தண்ணீர் இறைக்கிற பக்கமும் ஒன்றே. வெளியே 6 மிமீ காட்டுகிற டயர் உள்ளே 2 மிமீ-யில் இருக்கலாம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் டயரின் உள் ஓரம் வெளியே தெரியும். பின் டயருக்கு வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். அளவெடுக்கிற கேஜ் சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து போனில் குறித்துவையுங்கள். உள் ஓரம் மட்டும் வேகமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட்டில் டோவை, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணத்தை, சரிபார்க்கச் சொல்லுங்கள். கேம்பர் தேய்ப்பதைவிட டோ அதிகம் தேய்க்கும்.

அடுத்தது வயசு. நம் ஊரில் இந்த வண்டிகள் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு காலை நந்தி மலை வரைக்கும் போய் வருவதோடு சரி. ஏழு வருடத்தில் 12,000 கிமீ கூட ஓடியிருக்காது. பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்துபோயிருக்கும். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் வார்த்தது. நாலு டயரிலும் பாருங்கள். சில டயர்களில் அந்த எண் உள்பக்கத்தில்தான் இருக்கும். ஐந்து வருடம் தாண்டியதை மழையில் நம்பாதீர்கள், ஆறு தாண்டினால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத ரப்பரும், வாய்க்காலின் அடியில் மெல்லிய வெடிப்புகளும் வயசைச் சொல்லிவிடும். புது டயர் போட்டாலும் முதல் 200, 300 கிமீ நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும். மேல்தோல் போகும் வரை வழுக்கும்.

முன்னும் பின்னும் சமமாக இல்லாதது இன்னொரு ஆபத்து. பின்சக்கரம் இழுக்கிற வண்டியில் பின் டயர்கள்தான் முதலில் தீரும். முன்னால் 6 மிமீ ஒல்லி டயர், பின்னால் 3 மிமீ அகல டயர். தேக்கத்தைப் பார்த்ததும் முன்சக்கரம் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போய்விடும், ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியாது. பின்னால் மட்டும் மிதக்கும். வண்டி சுற்றுவது இப்படித்தான். "முன்னாடி இன்னும் ஒரு வருஷம் ஓடும் சார்" என்று கடையில் சொல்வது சரியாகவே இருக்கலாம், அந்த முன் டயரால் பிரச்சினை இல்லை. காசு பார்த்துப் பின்னால் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதுதான் பிரச்சினை. மாற்றும்போது கம்பெனியையோ மாடலையோ முன்னொன்று பின்னொன்றாகக் கலக்காதீர்கள். போர்ஷேவுக்கு என் எழுத்தும் ஒரு எண்ணும், பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடஸுக்கு எம்ஓ என்று டயரிலேயே குறி இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

இனி எஞ்சின். 1,600 கிலோ எடை, 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, பின்சக்கர இழுவை என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். வேகமெடுக்கும்போது பின் டயர்கள் மேல் சுமார் 1,000 கிலோ உட்காரும். நனைந்த சாலையில் அதில் பாதி, கொஞ்சம் போனால் 600 கிலோ அளவுக்குத்தான் டயரால் தள்ள முடியும். எஞ்சின் என்ன கொடுக்கிறது? பொதுவான கியர் விகிதங்களை வைத்துப் பார்த்தால், முழு ஆக்ஸிலேட்டரில் இரண்டாவது கியரில் டயருக்கு வருவது சுமார் 1,200 கிலோ. மூன்றாவதில் 850. நாலாவதில் 630. ஐந்தாவதில்தான் 500-க்கு இறங்குகிறது. நாலாவது கியரில்கூடக் காலை முழுக்க அழுத்தினால் டயர் சுற்றும் என்று அர்த்தம். நாலாவது கியர் என்றால் வண்டி நூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கலாம்.

அதனால் மழையில் கியரை ஒன்றிரண்டு தூக்கியே வையுங்கள். சிக்னலில் இரண்டாவதில் கிளம்புங்கள். டர்போ வண்டியில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் நடு ஆர்பிஎம்மில் முறுக்கு மொத்தமாக வந்து இறங்கும், அதுவும் கால் வைத்த பிறகு அரை நொடி கழித்து. அதற்குள் கால் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் கிக்டவுன்தான் வில்லன். 70-ல் ஆறாவது கியரில் போகிற வண்டியில் லாரியை முந்தக் காலை அடி வரை அழுத்தினால், கியர் பெட்டி ஒரே தாவலில் இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ இறங்கும். மேனுவல் மோடில் நாலாவதோ ஐந்தாவதோ போட்டு, கிக்டவுன் சுவிட்சைத் தொடாமல் ஓட்டுங்கள்.

காலை எடுப்பதிலும் இதே கதைதான். குறைந்த கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் எஞ்சின் பிரேக்கிங் முழுக்கப் பின்சக்கரத்தில் விழும், வளைவில் பின்பக்கம் வெளியே போகும். மின்சார ஸ்போர்ட்ஸ் காரில் ரீஜென் (காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்துவது) அதிகமாக வைத்திருந்தாலும் இதேதான், மழையில் அதைக் குறைத்துவையுங்கள். மெக்கானிகல் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்) உள்ள வண்டி இன்னும் கொஞ்சம் முரடு. சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். எல்எஸ்டி இரண்டையும் சேர்த்துப் பூட்டும், இரண்டும் சேர்ந்து சுற்றினால் பக்கவாட்டில் பிடிக்க ஆளே இல்லை. நாலு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கும் திரும்புவதற்கும் அது ஒன்றும் செய்யாது. கிளம்பும்போது கிடைத்த நம்பிக்கை, வளைவுக்கு வரும்போது அதிக வேகமாக மாறியிருக்கும். அதுதான் அதன் ஆபத்து.

மழை மோட் இருந்தால் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபெராரியின் மனெட்டினோவில் (ஸ்டியரிங்கில் உள்ள மோட் சுவிட்ச்) வெட், மெர்சிடஸ் ஏஎம்ஜியில் ஸ்லிப்பரி, மஸ்டாங்கில் ஸ்னோ/வெட். போர்ஷே 992-ல் முன்சக்கர வளைவுக்குள் ஒலி உணரிகள் இருக்கின்றன, டயர் வாரியடிக்கிற தண்ணீர் மோதும் சத்தத்தைக் கேட்டுச் சாலை நனைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும். அது வண்டியின் கட்டுப்பாட்டு அமைப்புகளைத் தயார்படுத்தி, திரையிலும் சொல்லும். ஆனால் மோடைப் போட வேண்டியது நீங்கள்தான். இஎஸ்சி-யை, அதாவது வண்டி சறுக்காமல் காக்கிற மின்னணு அமைப்பை, அணைப்பதைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஒரு அற்ப விஷயம்: செருப்பின் அடி. அலுமினிய பெடலில் நனைந்த ரப்பர் செருப்பு நன்றாக வழுக்கும். ஏறும்போது காலைத் துடைத்துக்கொண்டு ஏறுங்கள், டோர் பாக்கெட்டில் ஒரு பழைய துணி கிடக்கட்டும்.

மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மோசம். மாசக்கணக்கில் படிந்த எண்ணெய், தூசி, டயர்ப்பொடி எல்லாம் தண்ணீரில் ஊறிச் சேறு மாதிரி ஆகும். நல்ல மழை அரை மணி பெய்தால் கழுவிப் போய்விடும், தூறல் மட்டும் என்றால் போகவே போகாது. கோடை மழை ஆகஸ்ட் மழையைவிட அதிகமாக வழுக்குவது இதனால்தான். பெங்களூருக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. கப்பன் பார்க் பக்கம் தூங்குமூஞ்சி மரத்தின் காய்கள் கோடையில் கொட்டும், சக்கரத்தில் நசுங்கினால் பிசின் மாதிரி ஒட்டும், அதன்மேல் முதல் மழை விழுந்தால் சோப்புத் தேய்த்த தரைதான். பெருங்கொன்றையின் மஞ்சள் பூவும் குல்மொஹரின் சிவப்புப் பூவும் பார்க்க அழகு, வளைவில் மொத்தையாகக் கிடந்தால் பிரேக்கைத் தொடாதீர்கள். பஸ் நிறுத்தங்களிலும் டோல்கேட் வரிசைகளிலும் நடுக்கோட்டில் எண்ணெய் சொட்டியிருக்கும். டோலில் வண்டியை நடுவில் நிறுத்தாமல் கொஞ்சம் ஒதுக்கி, சக்கரம் அந்தக் கறுப்புக் கோட்டில் படாமல் நிறுத்தினால் கிளம்பும்போது சுற்றாது. மேம்பால இணைப்புகளின் இரும்புப் பட்டை, மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, வெள்ளைக் கோடு, ஜீப்ரா கிராஸிங் எல்லாம் ஒரே ஜாதி. அவற்றின்மேல் போகும்போது ஆக்ஸிலேட்டர், பிரேக், ஸ்டியரிங் மூன்றும் நடுநிலையில் இருக்க வேண்டும்.

ஹைவேயில் எந்த லேனில் போவது? இடது லேனில் லாரிகள் அழுத்திய இரட்டைத் தடங்கள் இருக்கும், மழையில் அவை இரண்டு நீளத் தொட்டிகள். அந்த லேனில் போக வேண்டி வந்தால், தடத்திலிருந்து ஒரு முழம் விலகி மேட்டில் ஓட்டுங்கள். தண்ணீர் மெலிதாக இருக்கும் இடத்தில் மட்டும், முன்னால் போன வண்டியின் சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் தண்ணீர் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும்.

வலது ஓர லேனில் வேறு சங்கதி இருக்கிறது. நேர்ச் சாலையில் தண்ணீர் இடப்பக்கம் ஓடிவிடும். வலப்பக்கம் திரும்புகிற வளைவில் சாலையின் இடப்பக்கத்தை உயர்த்திக் கட்டியிருப்பார்கள், அதனால் தண்ணீர் மொத்தமும் நடுச்சுவரை நோக்கி ஓடும். சுவரின் அடியில் உள்ள துளைகள் மண் அடைத்திருந்தால் அங்கேயே தேங்கும். வேகமாகப் போகிறவர்கள் எல்லாம் அந்த லேனில்தான் இருப்பார்கள். வலது சக்கரங்கள் மட்டும் தண்ணீரில் இறங்கினால் அந்தப் பக்கம் இழுக்கும், ஓட்டுநர் பதறி இடப்பக்கம் ஒடிப்பார், தேக்கம் முடிந்து டயர் பிடித்ததும் வண்டி இடப்பக்கம் பாயும். ஓசூர் ரோட்டில் சில்க் போர்டிலிருந்து போகிற கிட்டத்தட்ட 10 கிமீ மேம்பாலச் சாலையிலும், மைசூர் எக்ஸ்பிரஸ்வேயிலும், கிருஷ்ணகிரி தாண்டிச் சென்னைக்குப் போகிற வழியிலும் மழை நாளில் இதை மனதில் வையுங்கள். மூன்று லேன் இருந்தால் நடு லேன்தான் பாதுகாப்பு. எக்ஸ்பிரஸ்வேயில் 100 அனுமதி என்பது காய்ந்த சாலைக்குத்தான். தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்தால் எனக்குத் தெரிந்த சரியான எண் 60 முதல் 70.

மிதக்கப் போகிறது என்பதற்கு முதல் அடையாளம் சத்தம். டயரிலிருந்து வருகிற 'ஸ்ஸ்' நின்று, தரைக்கு அடியில் யாரோ வாளியால் அடிக்கிற மாதிரி 'தட தட' என்று கேட்கும். அடுத்து ஸ்டியரிங் கையில் எடையில்லாமல் போகும். பின்சக்கரம் மிதந்தால் ஆர்பிஎம் முள் காரணமில்லாமல் ஏறும், இஎஸ்சி விளக்கு சிமிட்டும். அப்போது பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்ஸிலேட்டரை மெதுவாக விடுங்கள், சட்டென்று எடுக்காதீர்கள். ஸ்டியரிங் நேராகவே இருக்கட்டும். வண்டி திரும்பவில்லையே என்று திருப்பிக்கொண்டே போனால், டயர் தரையைத் தொட்ட நொடியில் திருப்பிய பக்கத்துக்கு எகிறும். பின்பக்கம் விலகிவிட்டால் மட்டும், அது போகிற பக்கமே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி, கண்ணைப் போக வேண்டிய இடத்தில் வையுங்கள். சுவரைப் பார்த்தால் கை சுவருக்குத்தான் போகும்.

பிரேக் விஷயத்தில் கணக்கு எளிது. 100 கிமீ வேகத்திலிருந்து நிற்க, நல்ல டயருக்குக் காய்ந்த சாலையில் 40 மீட்டர் என்றால், நனைந்த சாலையில் 65 மீட்டர். நீங்கள் கவனித்துக் காலை மாற்றுகிற ஒரு நொடிக்கு மேலும் 28 மீட்டர். ஆனால் ஹைவேயில் இருபது நிமிடம் பிரேக்கைத் தொடாமல் மழையில் வந்திருந்தால் பிரேக் டிஸ்க்கின் மேல் நீர்ப்படலம் உட்கார்ந்திருக்கும், முதல் அழுத்தலில் அரை நொடிக்கு ஒன்றும் நடக்காது. கார்பன் செராமிக் டிஸ்க்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சில வண்டிகள் வைப்பர் ஓடும்போது பிரேக் பேடைத் தானாகவே லேசாக உரசிக் காயவைக்கும். உங்கள் வண்டி அப்படிச் செய்யுமா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை, பின்னால் யாரும் ஒட்டி வராதபோது, இடது காலை நுழைக்காமல் வலது காலாலேயே மெதுவாக இரண்டு நொடி பிடித்து விடுங்கள். மழை தொடங்கியதும் ஆளில்லாத நேர்ச் சாலையில் 40-ல் ஒருமுறை ஏபிஎஸ் துடிக்கும் வரை பிடித்துப் பார்த்தால், அன்றைய சாலை எவ்வளவு தரும் என்று காலுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாகத் தேங்கி நிற்கிற வெள்ளம். 2022 ஆகஸ்ட் மழையில் ராமநகரா பக்கம் மைசூர் ரோட்டில் கார்கள் முங்கின. அடுத்த மாதம் பெல்லந்தூர் பக்கம் வெளிவட்டச் சாலையே ஏரியானது. 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஒரு காரில் வந்த இளம்பெண் உயிரிழந்தார். தரையிலிருந்து ஒரு சாண் கூட உயரமில்லாத வண்டிக்கு சுரங்கப்பாதைத் தண்ணீரில் எந்த வேலையும் இல்லை. காற்று இழுக்கிற வாய் பல வண்டிகளில் முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாகவே இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராட் வளையும், ஏனென்றால் தண்ணீரை அமுக்க முடியாது. முன் பம்பருக்குக் கீழே நீட்டியிருக்கிற லிப்பின் அடிவிளிம்பைத் தண்ணீர் தொடும் என்றால் திரும்பிவிடுங்கள். வேகமாகப் பாய்ந்து கடப்பது இன்னும் மோசம், அடியில் மாட்டிய பிளாஸ்டிக் தகட்டைத் தண்ணீர் அகப்பையில் அள்ளுவது மாதிரிப் பிய்த்துக்கொண்டு போகும். தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஒருமுறைகூட வேண்டாம். நியூட்ரலில் தள்ளி, படுக்கை லாரியை வரச் சொல்லி ஏற்றி அனுப்புங்கள்.

வீட்டுக்கு வரும் கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். இல்லையென்றால் இரண்டு நாளில் பேட் துருவோடு ஒட்டிக்கொள்ளும். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்கு அடியில் உள்ள சல்லடையையும் பாருங்கள். தூங்குமூஞ்சி இலை சின்னச் சின்னதாக உதிர்ந்து உள்ளே இறங்கி, தண்ணீர் வடிகிற துளையை அடைத்துவிடும். வடியாத தண்ணீர் சில வண்டிகளில் கேபினுக்குள்ளும் கண்ட்ரோல் யூனிட் பக்கமும் இறங்கும். ஒரு பழைய பல்துலக்கியும் பத்து நிமிடமும் போதும், ஜூனுக்கு முன்னால் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை.